லாரிக்கு மேனுவல் கியரா, ஆட்டோமேட்டிக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் புதிதாக சேசிஸ் (பாடி கட்டாத லாரி) எடுக்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் டயரையும் மைலேஜையும் பற்றித்தான் என்னிடம் கேட்பார்கள். சில ஆண்டுகளாக வேறொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "கிளட்ச் இல்லாத வண்டி எடுக்கலாமா?" என் தந்தை 31 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். நான் 22 ஆண்டுகள் ஓட்டினேன். இப்போது சொந்தமாக ஒரு மேனுவல் டாரஸ் லாரியும், கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் ஏ.எம்.டி. பெட்டி உள்ள ஒரு டிரெய்லரும் வைத்திருக்கிறேன். இரண்டையும் ஓட்டியும், இரண்டுக்கும் பட்டறை பில் கட்டியும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஆட்டோமேட்டிக் லாரி என்று சொல்வதெல்லாம் ஒரே வகைதானா?

இல்லை. இரண்டு முற்றிலும் வேறான பெட்டிகளை ஒரே பெயரால் அழைக்கிறோம். பேச்சில் வரும் குழப்பம் பாதிக்குமேல் இங்கேதான் பிறக்கிறது.

முதல் வகை ஏ.எம்.டி. இது உள்ளுக்குள் மேனுவல் கியர் பெட்டிதான். அதே பல்சக்கரங்கள், அதே கிளட்ச் பிளேட், அதே பிரஷர் பிளேட். கிளட்சை அமுக்குவதும் கியரைத் தள்ளுவதும் மட்டும் உங்கள் காலிலிருந்தும் கையிலிருந்தும் போய்விட்டன. பெரிய லாரிகளில் அந்த வேலையைக் காற்றழுத்தம் செய்கிறது. எப்போது செய்ய வேண்டும் என்பதை ஒரு கணினி முடிவு செய்கிறது. சுமை எவ்வளவு, சாலை மேடா பள்ளமா, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்பதையெல்லாம் அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வால்வோவின் ஐ-ஷிஃப்ட் 2001-இல் வந்தது இந்த வகைதான். 2011-இல் புதுப்பித்து வந்த மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸில் இதுவே வழக்கமான பெட்டி ஆனது. வளைகுடா நாடுகளில் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய நம் ஆட்கள் "அங்கே கிளட்ச்சே கிடையாது" என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான்.

இரண்டாவது வகை டார்க் கன்வெர்ட்டர் உள்ள முழு ஆட்டோமேட்டிக். இதில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இல்லை, எண்ணெய் இருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு விசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எஞ்சின் சுற்றுகிறது. அது தள்ளும் எண்ணெய் மற்றதைச் சுற்றுகிறது. வண்டி கிளம்பும்போது இந்த அமைப்பு இழுவிசையைப் பெருக்கியும் கொடுக்கும். வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு பூட்டு விழுந்து இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுழலும். கியர் மாறும் நொடியிலும் இழுவை அறுந்துபோகாது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் அலிசன் நிறுவனம் இந்த வகைக்குப் பெயர்போனது. தீயணைப்பு வண்டி, சுரங்க டிப்பர், நகரப் பேருந்து போன்றவற்றில் இதைப் பார்க்கலாம்.

நெடுஞ்சாலைச் சரக்கு லாரிக்கு நம் டீலர்கள் "ஆட்டோமேட்டிக்" என்று காட்டுவது பெரும்பாலும் ஏ.எம்.டி.தான். கீழே வேறு குறிப்பு இல்லாத இடங்களில் நான் பேசுவதும் அதைப் பற்றியே.

மேனுவலில் 9 கியர், ஏ.எம்.டி.யில் 12 கியர் என்கிறார்கள். எதற்கு இத்தனை?

டீசல் எஞ்சின் நன்றாக இழுப்பது குறுகிய ஆர்.பி.எம். எல்லைக்குள்தான், மீட்டரில் பச்சைக் கோடு போட்டிருக்கும் பகுதி. 55 டன்னோடு நிற்கும் டிரெய்லரை நகர்த்துவதிலிருந்து 80 கிலோமீட்டர் வேகம் வரை அந்தப் பச்சைக்குள்ளேயே எஞ்சினை வைத்திருக்க வேண்டும் என்றால் படிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். 9 கியர் பெட்டியில் 4 கியர்கள் தாழ்நிலை, உயர்நிலை என இருமுறை பயன்பட்டு 8 ஆகின்றன; அவற்றோடு, கனத்த லோடோடு மெதுவாகக் கிளம்புவதற்கான கிராலர் கியர் ஒன்று. 12 கியர் பெட்டியில் 3 அடிப்படைக் கியர்கள் இரண்டு மடங்காகி, மறுபடியும் இரண்டு மடங்காகின்றன. மனிதன் 12 படியையும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தால் சோர்ந்துவிடுவான். கணினிக்கு அந்தச் சோர்வு இல்லை. காலி வண்டியில் அது இரண்டு மூன்று படிகளைத் தாண்டியும் போடும்.

டீசல் உண்மையிலேயே மிச்சமாகுமா?

யார் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. பச்சைக் கோட்டுக்குள் கியர் மாற்றத் தெரிந்த, முன்னால் இருக்கும் மேட்டைப் பார்த்து முன்கூட்டியே ஆக்சிலேட்டரைப் பிடிக்கத் தெரிந்த பழைய ஓட்டுநர் மேனுவலில் எடுக்கும் மைலேஜை ஏ.எம்.டி.யால் எளிதில் தாண்ட முடியாது. முன்னால் என்ன வருகிறது என்பது அவருக்குத் தெரியும். சாதாரண ஏ.எம்.டி.க்கு இப்போது சக்கரத்தின் கீழ் இருப்பது மட்டுமே தெரியும்.

ஆனால் அப்படிப்பட்ட ஓட்டுநர் உங்களுக்கு எத்தனை பேர் கிடைக்கிறார்கள்? வண்டி ஒன்றுக்கு ஆண்டில் மூன்று நான்கு ஓட்டுநர்கள் மாறும் காலம் இது. ஒருவர் லிட்டருக்கு 4.2 கிலோமீட்டர் எடுப்பார், அடுத்தவர் 3.7-க்கு இறக்கிவிடுவார். ஏ.எம்.டி. செய்வது இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதுதான். சுமாராக ஓட்டுகிறவரையும் அது பச்சைக்குள் பிடித்து வைத்துவிடுகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கொடுத்தால் 2,500 லிட்டர் குடிக்கும். 4.2 கொடுத்தால் 2,381 லிட்டர். வித்தியாசம் 119 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 11,000 ரூபாய். டீலர் ஏ.எம்.டி.க்குக் கூடுதலாகக் கேட்கும் தொகையை இதால் வகுத்தால் எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்பது தெரிந்துவிடும். எண்களை மட்டும் உங்கள் வண்டியின் டீசல் நோட்டிலிருந்து எடுங்கள். விளம்பரத் தாளில் இருக்கும் மைலேஜை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

லோடோடு மேடு ஏறும்போது ஏ.எம்.டி. திணறுகிறது என்கிறார்களே?

திணறும், அதன் போக்கில் விட்டுவிட்டால். கியர் மாறும் நேரத்தில் ஏ.எம்.டி.யிலும் இழுவை ஒரு கணம் அறுகிறது. கடுமையான மேட்டில் அந்த ஒரு கணத்திலேயே வண்டி வேகம் இழந்துவிடும். போட்ட கியர் தாங்காமல் மறுபடி ஒன்று குறைக்கும். இப்படி இரண்டு மூன்று தடவை தேடிக்கொண்டிருந்தால் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மருந்து எளிது. மேடு தொடங்குவதற்கு முன்பே லீவரை மேனுவல் நிலைக்குத் தள்ளி, ஏறக்கூடிய கியரை நீங்களே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும்போது 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வளைவுக்குள் கியர் மாறவே கூடாது. வளைவுக்கு 30 அடி முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். மேனுவலில் தந்தை எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான் ஏ.எம்.டி.யிலும் உதவியது.

மேட்டில் நின்று கிளம்புவதில் ஏ.எம்.டி. கொஞ்சம் முந்திக்கொள்கிறது. பின்னோக்கி உருளாமல் பிரேக்கைச் சில நொடிகள் பிடித்து வைக்கும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. கை பிரேக்கையும் கிளட்சையும் ஆக்சிலேட்டரையும் ஒரே நேரத்தில் அளந்து விடும் அந்தப் படபடப்பு புது ஓட்டுநருக்கு இல்லை.

இறக்கத்தில் எது பாதுகாப்பு?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல அனுமதியுங்கள். கியர் பெட்டியைப் பற்றிய மற்ற எல்லாம் பணத்தைப் பற்றியது. இது உயிரைப் பற்றியது.

தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயை அறியாத லாரிக்காரர் இருக்க மாட்டார். அங்கே நொறுங்கிக் கிடந்த வண்டிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். அணைத்தால் பவர் ஸ்டியரிங் போய்விடும். பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் நின்றுவிடும். நான்கைந்து முறை பிரேக் மிதித்தால் டேங்கில் இருக்கும் காற்று இறங்கத் தொடங்கும். நியூட்ரலில் விட்டால் முழுச் சுமையையும் பிரேக் லைனிங் மட்டுமே தாங்க வேண்டும். டிரம் சூடேறினால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அந்த நேரத்தில் கியரைப் போட முயன்றால் சக்கரத்தின் வேகத்துக்கும் எஞ்சினின் வேகத்துக்கும் பொருந்தாமல் கரகரவென்று அரைக்குமே தவிர விழாது. வண்டி நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்ளும்.

இதில் இன்னொரு வேதனை இருக்கிறது. மிச்சம் பிடிப்பதாக அவர்கள் நினைக்கும் டீசல் அந்த இறக்கத்தில் மிச்சமாவதே இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய மின்னணு எஞ்சினில் இஞ்செக்டர் டீசல் பீய்ச்சுவதையே நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றிக்கொண்டு போகிறது. நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் ஐட்லிங்கில் ஓடுவதற்கு டீசல் எரிய வேண்டும்.

மேனுவலோ ஏ.எம்.டி.யோ, நடைமுறை ஒன்றுதான். எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ அதில், அல்லது அதற்கும் ஒன்று கீழே, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். எக்சாஸ்ட் பிரேக்கை, அதாவது புகை போகும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கும் பிரேக்கை, போடுங்கள். கால் பிரேக்கை அவ்வப்போது அழுத்தி விடுங்கள், மிதித்தபடியே வராதீர்கள்.

ஏ.எம்.டி.யின் நன்மை இங்கே என்னவென்றால், எஞ்சின் பிரேக்கைப் போட்டதும் அது தானாகவே கியரைக் குறைத்து ஆர்.பி.எம்.மை ஏற்றும் வகையில் பல மாடல்கள் அமைந்திருக்கின்றன. ஆர்.பி.எம். ஏற ஏறத்தான் எஞ்சின் பிரேக் பலமாகப் பிடிக்கும். ஆனால் வேகம் ஏற்கெனவே கைமீறிப் போயிருந்தால், நீங்கள் கியரைக் குறைக்கச் சொன்னாலும் கணினி மறுத்துவிடும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்று சிதறிவிடக் கூடாதே என்று அது அப்படிச் செய்கிறது. ஆகவே "ஆட்டோமேட்டிக் பார்த்துக்கொள்ளும்" என்று வேகத்தோடு கணவாய்க்குள் நுழையாதீர்கள். அது பார்த்துக்கொள்ளாது.

சில ஏ.எம்.டி. வண்டிகளே இறக்கத்தில் நியூட்ரலுக்குப் போகின்றனவே என்று கேட்பார்கள். உண்மைதான், ஆனால் மிக லேசான சரிவில் மட்டும். வண்டி உருண்டே தூரம் கடக்கும் அத்தகைய இடத்தில் டீசல் சற்று மிச்சமாகும். வேகம் குறித்த அளவைத் தாண்டினாலோ பிரேக்கைத் தொட்டாலோ உடனே கியரைச் சேர்த்துவிடும். அதைப் பார்த்து மேனுவல் வண்டியில் கையால் செய்து பார்ப்பது வேறு விஷயம், ஆபத்தான விஷயம்.

கிளட்ச் பெடல் இல்லையே, கிளட்ச் பிளேட் தேயாதா?

தேயும். பெடல்தான் இல்லை, பிளேட் இருக்கிறது. இதை நான் செலவு செய்து தெரிந்துகொண்டேன். ஏ.எம்.டி. வண்டி எடுத்த முதல் ஆண்டில், துறைமுக வாசலில் கன்டெய்னர் வரிசை ஒரு மேம்பால ஏற்றத்தில் நின்றுவிட்டது. பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன். கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. திரையில் எச்சரிக்கை வந்தபோது அதன் பொருள் எனக்குப் புரியவில்லை. வண்டியை ஒப்படைத்த நாளில் சாவியும் இனிப்பும் கொடுத்தவர்கள் அதைச் சொல்லவில்லை. கருகிய வாடை வந்த பிறகுதான் புரிந்தது. கிளட்ச் செட் முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே மேட்டில் நின்றால் பிரேக். நெரிசலில் ஓரடி ஓரடியாக ஊராமல், முன்னால் கொஞ்சம் இடம் விட்டு ஒரே மூச்சில் நகருங்கள். கோடவுனில் பின்னோக்கி எடுக்கும்போது மெதுவாக நகர்வதற்கென்று தனி நிலை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இப்படி ஓட்டினால் ஏ.எம்.டி. கிளட்ச், மேனுவலில் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவரின் கிளட்சைவிட நெடுநாள் உழைக்கும்.

நாள் முழுவதும் நின்று நின்று கிளம்பும் வேலை என்றால் டார்க் கன்வெர்ட்டர்தான் பொருத்தம். தேய்வதற்கு அங்கே கிளட்ச் பிளேட்டே இல்லை. ஆனால் எண்ணெய் சூடேறும், டீசலும் கூடும். அதற்குரிய எண்ணெயையும் ஃபில்டரையும் காலம் தவறாமல் மாற்றியே ஆக வேண்டும்.

நடுவழியில் பழுதானால் சாலையோரப் பட்டறையில் பார்க்க முடியுமா?

இதில் மேனுவல்தான் மேல், சந்தேகமே இல்லை. பிளேட், ரிலீஸ் பேரிங், கிளட்ச் பூஸ்டர் எதுவானாலும் ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். ஒடிசாவில் ஒரு தாபா பக்கத்தில், மொழி புரியாத ஒரு மெக்கானிக் என் டாரஸின் பெட்டியை இறக்கி இரவுக்குள் ஏற்றிக் கொடுத்தார்.

ஏ.எம்.டி.யில் இயந்திரப் பழுதைவிட சென்சார், வயர் இணைப்பு, காற்று வால்வு ஆகியவைதான் தொல்லை கொடுக்கும். பிளேட்டை மாற்றினாலும், புதிய பிளேட் எங்கே பிடிக்கிறது என்பதை லேப்டாப் வைத்துக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் போகும் வழித்தடத்தில் சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்.

பராமரிப்பில் இரண்டைச் சொல்வேன். ஒன்று, காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையர். கியர் மாறுவது காற்றால் என்பதால் காற்றில் ஈரம் சேர்ந்தால் வால்வுகள் கெடும். மற்றொன்று, பேட்டரி. மின்னழுத்தம் குறைந்தால் சென்சார்கள் தாறுமாறாகப் பேசும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? இழுத்துப் போகலாமா?

தள்ளி ஸ்டார்ட் செய்வதை ஏ.எம்.டி.யில் மறந்துவிடுங்கள். காற்றும் மின்சாரமும் இல்லாமல் கியரே விழாது.

இழுத்துப் போவதென்றால் முதலில் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றுங்கள், அல்லது பின் சக்கரத்தைச் சுற்றும் ஆக்சில் ஷாஃப்டை உருவுங்கள். எஞ்சின் ஓடாதபோது பெட்டிக்குள் எண்ணெய் சரியாகச் சுற்றாது. பின் சக்கரம் மட்டும் உள்ளிருக்கும் சக்கரங்களைச் சுற்றிக்கொண்டே வரும். கொஞ்ச தூரம்தானே என்று இழுத்து, நல்ல பெட்டியை எரித்தவர்கள் உண்டு.

வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தும் பழக்கம் இதில் செல்லுமா?

செல்லாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பல ஏ.எம்.டி. லாரிகளில் சாவியை அணைத்ததும் பெட்டி நியூட்ரலுக்குப் போய்விடும். காரில் இருப்பதுபோல் பார்க்கிங் நிலையும் பெரிய லாரிகளில் பொதுவாக இல்லை. கை பிரேக்கை இழுத்து, சரிவாக இருந்தால் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு இறங்குங்கள்.

ஆட்டோமேட்டிக் ஓட்டத் தனி உரிமம் வேண்டுமா?

நம் நாட்டில் கனரக உரிமத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. அமெரிக்காவில் உண்டு. அங்கே வணிக வாகனத் தேர்வை ஆட்டோமேட்டிக்கில் முடித்தவருக்கு, மேனுவல் வணிக வண்டி ஓட்டக் கூடாது என்ற தடைக் குறிப்பு உரிமத்திலேயே பதிவாகும்.

கிளட்ச் இல்லாத வண்டி ஓட்டினால் ஓட்டுநரின் திறமை மங்கிவிடாதா?

சின்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தைப் பொருத்திக் கொடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய பெட்டிகளில் டபுள் கிளட்ச் போட்டுத்தான் கியர் விழும். நியூட்ரலில் ஒரு முறை கிளட்சை விட்டு, எஞ்சின் ஒலியைக் காதால் அளந்து, மறுபடி அமுக்கிப் போட வேண்டும். என் தந்தை அதில் கெட்டிக்காரர். கியர் விழும் சத்தமே வெளியே கேட்காது. அந்த நுணுக்கம் என் தலைமுறையிலேயே பாதி போய்விட்டது. அதற்காக வருத்தப்படுகிறேன்.

ஆனால் அவருடைய இடது முழங்காலையும் நான் பார்த்திருக்கிறேன். 58 வயதில் மாடிப்படி ஏற முடியாமல் ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து ஏறினார். ஒருமுறை துறைமுகச் சாலை வரிசையில் எத்தனை முறை கிளட்ச் மிதிக்கிறேன் என்று எண்ணத் தொடங்கி, முந்நூறில் விட்டுவிட்டேன். அதுவும் ஒரே மாலையில். அவர் அதை 31 ஆண்டுகள் செய்தார். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று அரசு விதித்தபோது, ஓட்டுநருக்கு எதற்கு ஏ.சி. என்று கேட்ட உரிமையாளர்கள் சிலரோடு நான் சண்டையே போட்டேன். கிளட்ச் விஷயத்திலும் என் பக்கம் அதுதான். திறமை வேறு வழியில் வளரும். இறக்கத்தை அறிவதும், இடைவெளி விடுவதும், சுமையின் போக்கைப் புரிந்துகொள்வதும் எந்தப் பெட்டியிலும் வேண்டும். தேய்ந்த முழங்கால் திரும்ப வளராது.

அப்படியானால் நான் எதை எடுப்பது?

கன்டெய்னர், டிரெய்லர், நீண்ட வழித்தடம், ஓட்டுநர்கள் அடிக்கடி மாறுவார்கள், வழியில் சர்வீஸ் சென்டர்கள் இருக்கின்றன என்றால் ஏ.எம்.டி. எடுங்கள். நானும் அதற்காகத்தான் எடுத்தேன்.

ஒரே வண்டி, நீங்களே ஓட்டுகிறீர்கள், வட மாநிலத்தின் உள்ளூர்களுக்கும் போவீர்கள், ஐந்தாறு ஆண்டில் விற்றுவிடுவீர்கள் என்றால் மேனுவலே இன்றைக்குப் பொருத்தம். பழைய வண்டிச் சந்தையில் மேனுவலை எடுக்க ஆள் அதிகம். கொல்லிமலை போன்ற, 70 கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் சிறிய லோடு அடிப்பவர்களுக்கும் நான் மேனுவலையே சொல்வேன். கல் குவாரி டிப்பருக்கு, பணம் இடம்கொடுத்தால், டார்க் கன்வெர்ட்டர்.

எதை எடுத்தாலும் காலி வண்டியில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லோடு ஏற்றிய வண்டியை ஒரு மேட்டில் நிறுத்திக் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு டீலரிடம் போங்கள்.

மின்சார லாரி வந்தால் இந்தக் கேள்வியே இருக்காதாமே?

பெரும்பாலும் ஆம். மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசையைக் கொடுத்துவிடும் என்பதால் பல மின் லாரிகளில் ஒரே கியர் அல்லது இரண்டு கியர்தான். கிளட்ச் பெடல் இல்லை.

என் பழைய மேனுவல் லாரியில் ஏ.எம்.டி.யைப் பொருத்த முடியுமா?

செய்ய வேண்டாம். பெட்டியை மட்டும் மாற்றினால் போதாது. எஞ்சின் கணினியும் பெட்டியின் கணினியும் ஒன்றோடொன்று பேச வேண்டும். காற்றுக் குழாய், வயரிங், பெடல், திரை எல்லாம் மாற வேண்டும். எஃப்.சி.யிலும் (வண்டியின் தகுதிச் சான்று) சிக்கல் வரும். அந்தப் பணத்தில் இருக்கிற வண்டிக்கு நல்ல கிளட்ச் செட் போட்டு, ஓட்டுநர் இருக்கையை மாற்றுங்கள். பெடல் கடினமாக இருந்தால், மிதிப்பதை லேசாக்கும் கிளட்ச் பூஸ்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் பூஸ்டர் கெட்டிருப்பதே தெரியாமல் ஓட்டுநர்கள் மாதக்கணக்கில் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்.